ரிப்போர்ட் வராத காதுகுத்து

மலையில் எங்கள் ஊருக்குக் கோயில் மேட்டில்தான் சிக்னல். அக்கா மகனுக்குக் காது குத்துவதும் அங்கேதான். தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நானோ போனைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தேன்.

எனக்குப் பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையாது. அதற்குக் காரணமான மரபணுப் பிழையை வேலூரில் கண்டுபிடித்தார்கள். அம்மா வழியாக மகனுக்கு வரும் பிழை என்று தெரிந்ததுமே அக்காவை நச்சரித்துக் குழந்தைக்கும் சோதனை எடுக்கவைத்தேன். ரிப்போர்ட் மட்டும் வரவில்லை.

"இன்னா மச்சான், மடியில வெச்சுக்கவே பயமா?" என்றார் அக்கா வீட்டுக்காரர். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போனில் ரிப்போர்ட் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன்.

"அதே பிழைதான்க்கா. இவனுக்கும் இருக்குது."

அக்கா கொஞ்ச நேரம் குழந்தையின் காதையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஆசாரியிடம், "குத்த வேணாங்க. சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

"நாளைக்கே அமிர்தி பஸ்ஸ புடிச்சி வேலூர் போவணும். ரத்தம் உறையறதுக்குப் போடற ஃபாக்டர் ஊசிக்குக் கேக்கணும். நடக்க ஆரம்பிச்சா உழுந்து அடிபடாம முட்டிக்கு மெத்த வெச்சிக் கட்டணும்..." நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"போலாம். மொதல்ல உக்கார்றா" என்று அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள்.