பேயக்கா சேர்த்த கதைகள்

கண்ணாடிக் கடையில் அவளைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பெயர். கடையின் பின்னறையில் லென்ஸை அரைத்துப் பிரேமில் உட்கார வைப்பது அவள் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனை நோண்டிக்கொண்டிருக்க, இவள் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்த ஒரு கட்டைப் பிரித்து வைத்து, வாயில் போட்டதை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருப்பாள். எல்லாம் பேய்க்கதை, இல்லாவிட்டால் கொலைக்கதை. பேய்மீது அவளுக்குப் பயமும் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. அடுத்தது என்ன என்று தெரியாமல் தவிக்கிற அந்தத் தவிப்பு பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுகளைப் பழைய பேப்பர் கடைகளில் தேடி எடுத்திருந்தாள். யாரோ ஒரு காலத்தில் ஆசையாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. பைண்டு செய்தவரின் கத்தி சில பக்கங்களில் கடைசி வரியைத் தின்றிருக்கும். சில கதைகளில் கடைசிப் பக்கமே இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே அவள் மனதில் திரிந்துகொண்டிருந்த பிணங்கள் பல.

அவளுடைய தங்கை பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்க ஸ்கூட்டரில் பறப்பாள். ஒரு நாள் காலையில் பின்னால் வந்த லாரிக்காரன் கவனிக்கவில்லை. இடுப்பிலும் தொடையிலும் எலும்பு நொறுங்கிப்போனது. டாக்டர்கள் பிளேட் வைத்துச் சேர்த்தார்கள். தங்கள் வேலை முடிந்தது, இனி அவள்தான் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள்.

அவள் நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்த மாதிரியே திரும்பிப் போனது. கேட்டதற்கெல்லாம் "ம்" என்பதுதான் பதில்.

பேயக்காவுக்குப் பேசிப் பேசி வாய் வற்றிப்போனது. புத்திமதி சொல்ல இனி எதுவும் பாக்கியில்லை என்று ஆன ஒரு சாயங்காலம், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கைப்பையில் இருந்த கட்டைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். ஒரு விடுதி. அதில் பூட்டியே கிடக்கிற ஓர் அறை. உள்ளேயிருந்து ஒவ்வொரு நாளும் யாரோ துணி துவைக்கிற சத்தம். கதாநாயகன் சாவியைத் துளையில் நுழைக்கிறான். அந்த இடத்தில் மணி அடித்து, பார்வையாளர்களெல்லாம் வெளியே போங்கள் என்று நர்ஸ் விரட்டத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் அவள் வார்டுக்குள் நுழைந்ததும் தங்கை தலையைத் திருப்பினாள்.

"அந்த ரூம்ல யாரு இருந்தா?"

வாரக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. பேயக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சாதாரண ஆளில்லை. கட்டைக் கையில் எடுத்தவள், பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்றேன். முதல்ல கட்டிலோட ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு உக்காரு."

தங்கை அக்காவைத் திட்டினாள். பச்சையாகவே திட்டினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலியில் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த அறையில் யார் இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பேயக்கா கதைகளைக் கவனமாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். கழுத்தில் கத்தி வைக்கிற இடத்தில் நிறுத்துவாள். நின்று காட்டினால் அடுத்த பக்கம். ஜன்னல் வரைக்கும் நடந்தால் முடிவு. தங்கை கோபத்திலேயே நடை பழகினாள் என்று சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில்காரிகளும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். தொடையில் கம்பி போட்டிருந்த ஓர் அம்மா, தங்கை சோம்பல்பட்ட நாளில், "எந்திரிச்சு நடம்மா, எங்களுக்கும் கதை தெரிய வேணாமா?" என்று அதட்டினாளாம்.

தங்கை ஊன்றுகோலோடு வீட்டுக்குக் கிளம்பிய அன்று அந்த அம்மாதான் கேட்டாள், இந்தக் கதையெல்லாம் இருக்கிற புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று. அப்படி ஒரு புத்தகம் இல்லை, எல்லாம் கிழிந்த தாள்கள் என்று பேயக்கா சொன்னாள். சொல்லிவிட்டு வந்தாளே தவிர, அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள்: அந்தப் புத்தகம் வரும், நான் கொண்டுவருவேன்.

விடுமுறை நாட்களில் நூலகத்தின் பழைய இதழ்ப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். தூசியில் தும்மிக்கொண்டே பக்கங்களைப் போனில் படம் பிடித்து வருவாள். தங்கை காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் டைப் செய்வாள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. எல்லாம் கனவு என்று முடிகிற கதை கூடாது என்றாள் தங்கை. தண்ணீரில் விழுந்து செத்த பேய்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் வாசகர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும், நடுவில் ஒரு துப்பறியும் கதை வேண்டும் என்றாள் அக்கா. லிப்ட் ரிப்பேர் செய்கிற பேயக்காவின் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். வீட்டில் இரண்டு பேய் உயிரோடு இருக்கும்போது காகிதத்தில் வேறு எதற்கு என்று முணுமுணுப்பார். ஆனால் நூலகத்துக்குக் காலையில் வண்டியில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான்.

புத்தகம் போடுகிறவர்கள் வாசலில்தான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. ஒருவர், இந்தக் காலத்தில் பேயை டிவியில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். இன்னொருவர், நீங்கள் எழுத்தாளரா என்று கேட்டார். இல்லை, படிக்கிறவள் என்றதும், படிக்கிறவர்கள் எல்லாரும் புத்தகம் போட வந்தால் யார் வாங்குவது என்று சிரித்தார். கடைசியில் பரீட்சை கைடுகள் போடுகிற ஒருவர் மட்டும் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். அவருடைய அம்மா தாள்களைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாராம். புத்தகம் போடுகிறேன், ஆனால் எழுதினவர்கள் ஒருவர் விடாமல் சம்மதம் சொல்ல வேண்டும், பின்னால் எவனும் சண்டைக்கு வரக்கூடாது என்றார்.

அவள் ஒவ்வொருவராகத் தேடினாள். பல் டாக்டர் ஒருவர் தான் கதை எழுதியதையே மறந்திருந்தார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, நானா எழுதினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எழுதியவர் இறந்துபோன ஒரு வீட்டில் மகன் முதலில் நம்பவில்லை. எங்க அப்பா குனிந்த தலை நிமிராத மனிதர், அவருக்கு ஏது ரத்தம் குடிக்கிற புத்தி என்றார். பிறகு அவரும் சரி என்றார்.

ஒரு கதை மட்டும் பாக்கி நின்றது. தொகுப்பிலேயே நல்ல கதை அதுதான் என்பதில் அக்கா தங்கை இருவருக்கும் சண்டையில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் லைனிலிருந்து அவளுக்குத் தினமும் மத்தியானம் அழைப்பு வருகிறது. இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்ட லைன். ஒரு வயதான குரல், தன் மகள் வேலை பார்க்கும் ஆபீசுக்கு லைன் போடச் சொல்லிக் கேட்கிறது. ஆண் பெயரில் வந்திருந்த கதை. பத்திரிகைக்குப் படம் வரைந்த ஓவியரைப் பிடித்து விசாரித்ததில், எழுதியது ஓர் அம்மா என்றும், நிஜமாகவே எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் என்றும் தெரிந்தது.

ஆபரேட்டரம்மா ஓர் அடுக்குமாடியின் மேல்தளத்தில் தனியாக இருந்தார். கட்டிடத்தில் லிப்ட் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும், வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த முறை போனபோது தண்ணீர் கொடுத்தார், சம்மதம் கொடுக்கவில்லை. பேயக்கா அதற்கும் அடுத்த முறை போனாள். அன்றைக்குத்தான் காரணம் வந்தது.

"அந்தக் கதையோட முடிவு நான் எழுதினதில்ல. ஆசிரியர் மாத்திட்டாரு. திருட்டுக் கும்பல், போலீஸ், எல்லாம் அவர் சேர்த்தது. என் கதைன்னு அது வந்தது போதும். மறுபடி வரவேணாம். அதுக்கப்புறம் நான் எழுதவே இல்ல."

"அப்ப உங்க முடிவைச் சொல்லுங்க. அதைப் போடறேன்."

"தாள் இல்ல. அவங்க திருப்பித் தரல."

"தாள்ல இல்லாட்டி உங்க தலையில இருக்கும்ல?"

ஆபரேட்டரம்மா எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பேயக்கா இறங்கி வந்துவிட்டாள்.

கைடுக்காரர் அந்த ஒரு கதையை விட்டுவிடச் சொன்னார். மற்றதெல்லாம் தயார், ஒன்றுக்காக ஏன் புத்தகத்தை நிறுத்த வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். கணவரும் அதையே சொன்னார். பேயக்கா இரண்டு பேரிடமும் முடியாது என்றாள். முடிவு தொலைந்த கதைகளைப் படித்துப் படித்து வெறுத்துப்போய்த்தான் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது முடிவு இன்னும் உயிரோடு ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி விடுவேன் என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை தானும் வருகிறேன் என்றாள். மாடிப்படியைப் பற்றி அக்கா எவ்வளவோ சொன்னாள். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கையால் கைப்பிடிச் சுவர், மறு கையில் ஊன்றுகோல். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். அக்கா கை கொடுக்கப் போனால் முறைத்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது அவளால் பேச முடியவில்லை. கதவைத் திறந்த ஆபரேட்டரம்மா, மறுப்பதற்கு எடுத்த வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தங்கைக்கு மூச்சு திரும்ப நேரமானது. பிறகு, கதை தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொன்னாள். வார்டையும் சுவரையும் பற்றிச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"உங்க கதையக் கேட்டுட்டுத்தான் நான் வராந்தாவோட அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். போலீஸ் வந்ததும் சப்புன்னு போச்சு. யாரோ என்னை ஏமாத்திட்டாங்கன்னு தோணிச்சு. இப்பதான் தெரியுது, உங்களையும் ஏமாத்திருக்காங்க."

ஆபரேட்டரம்மா இன்னொரு நாற்காலியை அருகே இழுத்து உட்கார்ந்தார். எழுதிக்கோங்க என்றார். பேயக்காவிடம் பேனா இல்லை, தேடிப் பிடித்து அவரே கொடுத்தார்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கதையில் வரும் பெண், ஆபீஸ் விதிமுறைக்கு மாறாக ஒரு நாள் அந்த லைனை ஆபீசுக்கு இணைத்துவிடுகிறாள். மறுமுனையில் மகள் எடுக்கிறாள். "அம்மாவா?" என்கிறாள். உடனே இந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறாள். இணைப்புப் பலகையில் அந்த லைனின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கிறது. அவளுடைய ஷிப்டு முடிகிறது.

"அவ்வளவுதானா? அவங்க என்ன பேசினாங்கன்னு சொல்லணும்ல?" என்றாள் பேயக்கா.

"லைன் கொடுத்த பிறகு நாங்க கேக்கக்கூடாது. அதுதான் எங்க வேலை."

"படிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும்."

பேயக்கா விடவில்லை. ஒரே ஒரு வார்த்தையாவது காதில் விழட்டும் என்று வாதாடினாள். ஆபரேட்டரம்மாவும் அசையவில்லை. இந்த இழுபறிக்கு நடுவில் தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியாமல் இனிமேல் எனக்கு நிம்மதியே இருக்காது, அதனால் இது இப்படியே இருக்கட்டும் என்றாள். பேயக்கா பேனாவை மூடினாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் மண்டையோடு போட வேண்டும் என்று கைடுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார், பேயக்கா இரண்டு காலிலும் நின்று அதைத் தடுத்தாள். பத்திரிகைகளில் மதிப்புரை எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உள்ள மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் சில பிரதிகளை அடுக்கினார். உறவினருக்காகக் காத்துக்கிடந்தவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் உள்ளே படுத்திருந்தவர்களிடம் கொடுத்தார்கள். கைடுக்காரர் எதிர்பாராத விதமாக மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஆபரேட்டரம்மாவின் கதைக்கு மட்டும் ஏகப்பட்ட போன்கள். என்ன பேசினார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். இந்த முறை கதை அவருடைய சொந்தப் பெயரில் வந்திருந்தது. போன் எண்ணையும் போடச் சொன்னது அவர்தான். ஒருவருக்கும் அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொருவரிடமும் நன்றாகப் பேசினார்.

தங்கை நன்றாக நடக்கிறாள். மழை நாளில் இடுப்பு வலிக்கிறது. பார்சல் கம்பெனி அவளை உள்ளே உட்கார வைக்கப் பார்த்தது. அவள் சம்மதிக்காமல் ஸ்கூட்டரைத்தான் கேட்டு வாங்கினாள்.

பேயக்கா இன்னும் அதே பின்னறையில் லென்ஸ் அரைக்கிறாள். அடுத்த தொகுப்புக்கு முழுக்கத் துப்பறியும் கதைகள். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், ஒரே ஒருவரைத் தவிர. ஓய்வுபெற்ற நீதிபதி. தான் அந்தக் காலத்தில் கொலைக்கதை எழுதியது வெளியே தெரியக்கூடாது என்கிறார். போனில் கண்டிப்பாக மறுத்துவிட்டாராம். பேயக்கா அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பாரா என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறாள்.