புத்தூரில் போன வேலை

லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்த வருஷம் நான் வேலை தேடினேன் என்று சொன்னால் அது பொய். தேடியது அப்பா. அவர் ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். நான் போனில் பார்த்த விளம்பரங்களில் எல்லாம் முன் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று ஒருத்தனும் யோசிப்பதில்லை. அப்பா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. சிலிண்டரை அடுப்படியில் இறக்கி, வாசனை வருகிறதா என்று பார்த்துவிட்டு, எம் பொண்ணு ரத்தப் பரிசோதனை படிச்சிருக்கு, எங்கயாவது ஆள் எடுத்தா சொல்லுங்க என்பார். எனக்கு அது கூச்சம். ஆனால் என் போனால் ஆகாதது அவர் வாயால் ஆனது.

சித்திரை வீதியில் ஒரு மாமி. அவருடைய மகன் டாக்டர், புத்தூரில் சொந்தமாக லேப் வைத்திருந்தார். அங்கே ஒரு இடம் காலி, புதிதாகப் படித்து வந்தவர்கள் என்றாலும் சரி, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று மாமி சொன்னார்.

பெண் வேலை கேட்கப் போனால் அப்பா கூடப் போவதுதான் எங்கள் வழக்கம். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். அங்கே வந்திருந்த ஒருவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. வேலை எனக்குத்தான் என்று டாக்டர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவர் அப்பாவைப் பார்த்தார்.

"நாங்க கத்துக்கொடுப்போம். கத்துக்கிட்டதும் கிளம்பிடக் கூடாது. ரெண்டு மூணு வருஷமாவது இருப்பாளா?"

"கண்டிப்பா இருக்கும்ங்க. வரன் பாத்துக்கிட்டு இருக்கோம், தை பொறந்ததும் முடிச்சிடுவோம். அதுவரைக்கும் உங்ககிட்டதாங்க."

எனக்கு யாரும் வரன் பார்க்கவில்லை. என் ஜாதகம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பவன் அப்படிச் சொல்லாவிட்டால் பொறுப்பில்லாதவன் என்று பெயர். அதனால் எல்லா அப்பன்களும் சொல்வார்கள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். டாக்டர் மறக்கிற ஆள் இல்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

காவிரிப் பாலம் ஏறும்போது மொபெட்டின் பின்னாலிருந்து கேட்டேன்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னம்மா சொல்றது? குடும்பத்துப் பொண்ணுன்னு தெரிய வேணாமா?"

"நாளைக்கே போயி, வரன்லாம் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க."

"அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போயிட்டு வர்றவன் நான். பொய் சொன்னேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் அப்பா பொய்யர் என்று நானே சொன்னதாக ஆகும். போகவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணை அந்த இடத்துக்கு எடுத்தார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. சிலிண்டர் போடப் போகும்போதெல்லாம் மாமி, வரன் அமைந்ததா என்று விசாரித்தார். நல்ல மனுஷி, அக்கறையில்தான் கேட்டார். அப்பா ஒரு தடவை வையம்பட்டிப் பக்கம் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார், அடுத்த தடவை பொன்மலையில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகிவிட்டது. கடைசியில் நிஜமாகவே ஜாதகத்தை வெளியே எடுத்தார். நான் அப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றேன். நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டதே என்றார்.

சொன்ன தையில் நடக்கவில்லை, வைகாசியில் நடந்தது. வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்த படிப்பு வீணாகப் போனதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

கல்யாணத்துக்கு டாக்டர், மாமியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்தார்.

"நல்லவேளைம்மா, உன்னை அப்ப எடுக்கலை. பாதியில விட்டுட்டுப் போயிருப்ப" என்றார் சிரித்துக்கொண்டே.

பக்கத்தில் நின்ற அப்பா, ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே அவரைச் சாப்பிட அழைத்துப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பொறந்த வீட்டை விட்டுப் போகுதுல்ல, அழத்தான் செய்யும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.