தனியாகப் பறந்தான் என்ற வரி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாஸ்பின் நடத்தும் தையல்கடைக்கு அவசரக்காரர்கள் வரக் கூடாது. ஜாக்கெட்டில் தோள் ஒரு நூல் இறங்கியிருந்தால்கூட மொத்தத்தையும் பிரித்துவிடுவாள். நாளைக்குக் கல்யாணம் என்று பெண்ணின் தாய் வந்து நின்று கத்தினாலும், "கோணலா இருக்கத நான் கையால தூக்கிக் குடுக்க மாட்டேன்" என்பாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் யார் இறந்தாலும், அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை அவளிடம் கொண்டுவந்து ஒரு தடவை காட்டுவார்கள். ஞானஸ்நானம் பெற்ற தேதி, திடப்படுத்தல் தேதி எல்லாம் அவள் பார்த்தால் தப்பாது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கோணலை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டாள். அது அவள் தம்பி ஆன்ஸ்லின் பேரில் இருந்தது.

ஆன்ஸ்லின் அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அப்பா ஆன்ட்ரூஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அம்மா இறந்துபோனபிறகு தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் ஜாஸ்பின்தான். அவன் விமானம் ஓட்டப் படிக்க வடக்கே போனபோது, வெள்ளைச் சட்டை ஆறு தைத்துக் கொடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் அளவு எடுப்பதற்கு முன்பே தம்பியின் போட்டோவைக் காட்டிவிடுவாள். "பைலட்டுக்க அக்கா" என்று காய்கறிச் சந்தையில் யாராவது கிண்டலாகக் கூப்பிட்டாலும் அவளுக்கு அது கிண்டலாகக் கேட்காது.

ஜூலை முடியும்போது அவன் போனில் சொன்னான்: "அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு செக் இருக்கு. அதுல சார் சரின்னு சொன்னா தனியா விட்டிருவாவ."

அதுவரை பக்கத்து சீட்டில் ஆசிரியர் இருப்பார். முதல் தடவை தனியாகப் போய்வந்தால்தான் பைலட் என்று ஒரு மதிப்பு. இது ஜாஸ்பினுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. கோயில் நிரம்பும். நன்றி சொல்லி ஆராதனையில் வாசிக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சபைச் செயலாளர் பொன்னுலிங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். இந்த ஞாயிறை விட்டால் அடுத்த திருவிருந்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஜாஸ்பின் செக் முடியும்வரை காத்திருக்காமல் காலையிலேயே சீட்டு எழுதிக் கொடுத்தாள்: 'தம்பி ஆன்ஸ்லின் தனியாக விமானம் ஓட்டக் கர்த்தர் கிருபை செய்ததற்காக.'

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "இறங்கும்போது ரெண்டு தடவை துள்ளிட்டு. சார் இன்னும் கொஞ்சம் பழகட்டும்னுட்டாரு."

பொன்னுலிங்கம் வீடு மூன்று தெரு தள்ளித்தான். போய்ச் சீட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அடுத்த வாரம் ஓட்டிவிடுவான், ஒரு வாரம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கம் வாசித்தபோது பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. ஆராதனை முடிந்து அவள் கையைப் பிடிக்காதவர்கள் இல்லை.

ஆன்ஸ்லினிடம் சொன்னாள்.

"நான் தனியா ஓட்டவே இல்லியேக்கா!"

"அடுத்த வாரம் ஓட்டிர மாட்டியா? ஸ்தோத்திரம் சொல்லியாச்சு மக்கா. என்னை நாணங்கெடுத்திராத."

அவன் சிரித்தான். "நீ ஜாக்கெட்டப் பிரிக்கியேல்லா, அதுமாதி இதையும் பிரிச்சிரு. எழும்பி நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு."

"ஒனக்கு வேற சோலி இல்லியாலே" என்று போனை வைத்தாள்.

அதன்பிறகு அவன் கூப்பிடும்போதெல்லாம் அவள் முதலில் கேட்டது, "தனியா ஓட்டியாச்சா?" சாப்பிட்டாயா என்பது அதற்குப் பிறகுதான். அவன் கூப்பிடுவது குறைந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் ஒரு வயலில் விமானம் விழுந்துவிட்டது. ஆசிரியர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆன்ஸ்லின் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பெட்டி வந்தது. முந்தின நாள்தான் அப்பா மஸ்கட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜாஸ்பினுக்குப் பந்தலில் பேசுவது கேட்டது.

"வாத்தியாரு பக்கத்துல இருந்தாரே, பின்ன எப்பிடி?" என்றது ஒரு குரல்.

"இருந்து என்னத்துக்கு? ரெண்டு மாசமா தனியா ஓட்டுற பய. கையில குடுத்துட்டு அவரு சும்மா இருந்திருப்பாரு." இது பக்கத்து வீட்டு நேசையனின் குரல். "கோயில்ல ஸ்தோத்திரம் வாசிச்சப்பவே நெனச்சேன். இந்த வயசுல தலைக்கு ஏறிரும்லா ஓய். இப்ப அந்த மனுசனையும் சேத்துல்லா படுக்க வச்சிட்டான்."

ஆன்ஸ்லின் பைக் ஓட்டினால் வேகத்தடைக்குப் பத்தடி முன்பே பிரேக் பிடிப்பான். பின்னால் உட்கார்ந்து அவள்தான் திட்டுவாள். எழுந்துபோய் அதைச் சொல்ல நினைத்தாள். சொல்ல வேண்டியது அது இல்லை என்று தெரிந்ததால் எழும்பாமல் இருந்துவிட்டாள்.

பொன்னுலிங்கம் ஒரு தாளோடு உள்ளே வந்தார். "இந்த நேரத்துல ஒன்ன எழுதச் சொல்லப்பிடாதுன்னு நானே எழுதிட்டேன், மக்களே. தேதி எல்லாம் சரியா பாரு." மெதுவாக வாசித்தார். கடைசியில் வந்தது: 'தனியாக விமானம் ஓட்டி நம் சபைக்குப் பெருமை சேர்த்தார்.' நிமிர்ந்து கேட்டார். "இது மட்டும் என்னைக்குன்னு தெரியல்ல. தேதி சொல்லு."

"பொறவு சொல்லுதேன் மாமா" என்றாள்.

மத்தியானம் ஆன்ஸ்லினோடு படித்த மகேஷ்குமார் வந்தான். இரண்டு ரயில் மாறி வந்த களைப்பு. காப்பி கொடுத்து, ஆள் இல்லாத பின்கட்டில் அவனை உட்காரவைத்துக் கேட்டாள்: "அவன் தனியா ஓட்டினானா தம்பி?"

"இல்லக்கா." அவன் போனை எடுத்தான். "லாக் புக்க விசாரணைக்கு எடுத்துட்டாங்க. இது போன வாரம் அவன் எனக்கு அனுப்புன போட்டோ." கட்டம் கட்டமான பக்கம். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் என்று ஆன்ஸ்லின் எழுதியிருந்தான். அடித்தல் திருத்தல் இல்லை, அவளுடைய கையெழுத்தைப் போலவே. மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். எல்லாம் ஆசிரியரோடு. தனியாக என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது.

"தனியா போய்ட்டு வந்தா நிக்க வச்சுத் தலையில ஒரு வாளி தண்ணி ஊத்துவோம்" என்றான் மகேஷ்குமார். "அவனுக்கு ஊத்தல. போன வாரம் சார் விடுறேன்னுதான் சொன்னார். இறங்குறது எனக்கே திருப்தியா இல்ல சார், இன்னும் கொஞ்ச நாள் கூட வாங்கன்னு இவன்தான் கேட்டான். அதுக்குத்தான் அன்னைக்கும் சார் போனாரு. இறக்கினது யாரு, என்ன கோளாறுன்னு இன்னும் யாருக்கும் தெரியாதுக்கா."

ஜாஸ்பின் அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப் பத்தி ஏதும் சொல்லுவானா?"

அவன் காப்பி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்காவுக்குப் போன் பண்ணணும்னா பயமா இருக்குடான்னு சொல்லுவான்."

அவள் பொன்னுலிங்கத்தைத் தேடிப் போனாள். பந்தலுக்கு வெளியே வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தாளை மடித்தார்.

"சரி விடு. அந்த வரிய நான் வாசிக்க மாட்டேன். தாண்டிப் போயிருதேன். ஒரு ஆளுக்குத் தெரியாது."

"வாசிக்காம விட்டா, அங்க பேசுறது அப்பிடியே நிக்கும் மாமா."

"ஸ்தோத்திரம் சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா இந்தச் சபையில நீ பொறவு எப்பிடி இருப்ப? யோசிச்சியா?"

"தாளத் தாருங்க."

அடக்க ஆராதனையில் ஆண்கள் பக்கமும் நிறைந்து வாசல்வரை நின்றார்கள். ஜாஸ்பின் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் வாசித்தாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஆன்ஸ்லின் ஒரு நாளும் தனியாக விமானம் ஓட்டவில்லை. முப்பத்தொரு மணி நேரமும் ஆசிரியரோடுதான் ஓட்டினான். தனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்று அவனே கேட்டு நின்றான். ஆகஸ்டில் இந்தக் கோயிலில் நான் செலுத்திய ஸ்தோத்திரம் பொய். அவன் திருத்தச் சொன்னான். எனக்கு வெக்கமா இருந்து... நான் திருத்தல்ல."

முன்வரிசையில் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். மகன் தனியாக ஓட்டிவிட்டான் என்று அவள் சொன்னதைக் கேட்டு, மஸ்கட்டில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் அவர் இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அது அவளுக்கு அந்தப் பார்வையில்தான் நினைவுக்கு வந்தது.

கல்லறையில் மண் தள்ளிவிட்டு நேசையன் கையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பய பாவம் ஓய். நிதானக்காரப் பயலாக்கும்." அது ஜாஸ்பின் காதில் விழுந்தது. அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அந்த ஆகஸ்டு ஞாயிறு கையைப் பிடித்தவர்கள் அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மக்கா?"

திங்கட்கிழமை பொன்னுலிங்கம் கடைக்கு வந்தார். சபைப் பதிவுக்கு வாழ்க்கைக் குறிப்பின் நல்ல பிரதி ஒன்று வேண்டும். "நீ கடைசியில சொன்னது பதிவுல வேண்டாம். கோயில்ல சொன்னதோட போகட்டும்" என்றார்.

ஜாஸ்பின் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஓரமாக வைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அச்சு மாதிரி எழுதினாள். ஸ்தோத்திரம் பொய் என்று கோயிலில் சொன்ன கடைசி வரியையும் எழுதினாள். அவர் அன்றைக்குக் கேட்ட இடத்தில் தேதியும் போட்டாள்: ஆகஸ்டு மூன்று, அவள் பொய் சொன்ன ஞாயிறு. தாளைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மெஷினில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை மறுபடியும் கோத்துக்கொண்டிருந்தாள்.