பக்கத்துப் போரில் எழும்பிய புழுதி

திருப்பதியில் ஒரு நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, நாராயணவனத்துக்குக் கிழக்கே ஓரிடத்தைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலைப் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை அங்கே ஆழத்து மணற்பாறைக்குள் அழுத்தி அடைத்துவைப்பது திட்டம். மேலே களிப்பாறை மூடிபோலக் கிடக்கிறது, வாயு வெளியே வராது என்றார்கள். அந்த மூடியில் விரிசல் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை.

இருந்தது. எப்போதோ பாறை உடைந்து ஒரு பக்கம் கீழே இறங்கிய பிளவு அது. செயற்கைக்கோள் படத்தில் நீளக் கோடாகத் தெரிந்தது. ஆனால் அது அடைபட்டிருக்கிறதா, வாயுவை விடுமா என்பதைப் படம் சொல்லாது.

அந்தக் கோட்டின் மேல் ஒரு பெண் வேர்க்கடலை போட்டிருந்தார். கூலிக்குப் போய் வாங்கிய முக்கால் ஏக்கர். நான் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் குடிபாலாக்காரி என்றதும் தெலுங்கை விட்டுத் தமிழில் பேசினார்.

"அன்னிக்கு எங்க போர்ல அடைச்ச மண்ணு வெளிய வர கம்ப்ரெசர் வெச்சு ஊதிக்கினு இருக்காங்க. ஒரு கழனி தாண்டி பக்கத்துக்காரங்க போர்லர்ந்து புழுதி பீச்சிக்கினு வருது. காத்து எந்த வழியாம்மா போச்சு?"

விசாரித்துப் பார்த்தேன். கோட்டின் மேலிருந்த மூன்று ஆழ்துளைப் போர்களில் இப்படி நடந்திருந்தது. விலகியிருந்தவற்றில் இல்லை. ஆழத்திலும் அப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சோதிக்காமல் மூடி கெட்டி என்றும் சொல்ல முடியாது. அப்படியே அறிக்கையில் எழுதினேன்.

இறுதிப் பிரதியில் 'பிளவு அடைபட்டுள்ளது' என்றிருந்தது. புழுதி பற்றிய பத்தியே இல்லை. மேலாளரிடம் கேட்டேன். ஊர்க்காரர்கள் பேச்சு டேட்டா ஆகாது என்றார். அடைபட்டது என்பதற்கு என்ன டேட்டா என்றேன்.

"சந்தகம் பெட்டம்மா, டைம் லேது" என்றார். கையெழுத்துப் போடம்மா, நேரமில்லை என்கிறார். என் கையெழுத்துதான் அவருக்கு அவசரம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனம். காற்றோட்டமில்லாத பள்ளத்தில் கசிந்தால் அங்கேயே தேங்கும். அந்தப் பெண்ணின் பழைய கிணற்றில் மோட்டார் அடியில் இருக்கிறது. தினமும் படியிறங்கிப் போய்த்தான் அதைப் போடுகிறார். வாசனையில்லாத, கண்ணுக்குத் தெரியாத வாயு அங்கே நிறைந்திருந்தால் இறங்கியவர் ஏறி வரமாட்டார். ஏசி அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதை ஒரே வரியில் தள்ளிவிட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். வேலையை விட்டேன்.

ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது போய் எழுந்து நின்றேன். வெளியூர்க்காரர் பேசக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"நான் இந்த ஊர்தான சார். எங்க போர்ல ஊதுனது பக்கத்துப் போர்ல வந்துச்சு. நீங்க ஊதறது எங்க கிணத்துல வராதுன்னு எழுதிக் குடுங்க."

மேடையில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தலைமை தாங்கிய அதிகாரி மட்டும் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அந்தப் போர்களைச் சோதிக்கும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை. சோதிக்க இதுவரை யாரும் வரவுமில்லை.

அடுத்த வேலைக்கான நேர்காணலில், முந்தையதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். கருத்து வேறுபாடு என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. பொய்யில் கையெழுத்துக் கேட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.