நோகாமல் நடந்த கால்

வீட்டுத் தரையில் மண்ணிறப் பொட்டுகள் கிடப்பதை முதலில் கண்டது என் அக்கா தவமணிதான். குசினி அடுப்படியில் தொடங்கிய அவை, நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கடியில் வந்து முடிந்தன.

"மீன் வெட்டின ரெத்தமாக்கும்" என்றேன்.

"கதிர்காமத்தால வந்து நாம இன்னும் மீனே வாங்கல்லயே கா" என்றாள் அக்கா. (எங்கள் பக்கத்தில் பெண்களைக் 'கா' என்றுதான் விளிப்போம்.)

குனிந்து பார்த்தேன். வலது காலின் சின்ன விரலுக்குக் கீழே ஒரு குழி. அதன் ஓரம் வெளுத்து, நடுப்பகுதி கறுத்திருந்தது. விரலால் அழுத்தினேன். யாரோ ஒருவருடைய காலை அழுத்தியது போல இருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. அதனால் அது பெரிய விசயமாக இருக்காது என்று நினைத்தேன். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆடியில்தான் நானும் அக்காவும் கதிர்காமத்துக்கு நடந்துவிட்டு வந்திருந்தோம். கல்முனையில் எங்கள் வீட்டுப் படலையில் இருந்தே நடை தொடங்கிவிடும். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கடலோரமாகப் போய் உகந்தை முருகன் கோயிலில் தங்குவோம். அதற்கு அங்கால் காடு. மணல் வெட்டைகளையும் பறவைகள் நிறைந்த வில்லுக் குளங்களையும் கடந்து, குமுக்கன் ஆற்றில் இறங்கி ஏறி, பல நாள் நடந்தால் கதிரமலை தெரியும். வழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'சாமி'தான். காலில் செருப்புப் போடுவதில்லை. அது நேர்த்திக்கடன்.

முதன்முதலில் நான் அந்தப் பாதையில் நடந்தது கலியாணம் முடித்த புதிதில், என் கணவரோடு. உகந்தையைத் தாண்டுவதற்குள்ளேயே என் பாதமெல்லாம் கொப்புளம். வெயிலில் மணல் சுட்டது. வில்லுகளின் கரையில் முழங்கால் வரை சேறு, அதில் எருமைகளின் குளம்புத் தடத்தில் தண்ணீர் நிற்கும். காட்டில் பாலைப்பழம் பழுத்துக் கிடந்தது. ஆசைப்பட்டு அளவில்லாமல் தின்று, அதன் பால் பிடித்து என் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டன.

"அப்பிடியே ஒட்டிக் கிடக்கட்டும். முருகன் எனக்குத் தந்த வரம்" என்றார் அவர். சிரிக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஆற்றங்கரையில் தங்கியபோது என் காலைத் தன் மடியில் வைத்து வேப்பெண்ணெய் பூசினார். "நோகுதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அந்த நோவை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. அவ்வளவு சந்தோசமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

பிறகு நாட்டில் சண்டை வந்து பாதையை மூடியது. "திறக்கட்டும், திரும்பவும் நடப்போம்" என்று ஒவ்வோர் ஆடியிலும் அவர் சொல்வார். சுனாமியன்று காலையில் தோணியைப் பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. எங்களைத் தங்கவைத்த கொட்டில்களில் இருந்த காலத்தில்தான் எனக்குச் சீனி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குளிசை தந்தார்கள். வீடே இல்லாத நேரத்தில் சீனியை யார் கணக்கெடுத்தார்கள்? தபாற் கந்தோர் வேலைக்குப் போனேன், வந்தேன். குளிசை சில நாள் போட்டேன், சில நாள் மறந்தேன்.

சண்டை முடிந்து பாதை திறந்தது. அவருக்கும் சேர்த்து நடக்கிறேன் என்று அக்காவோடு புறப்பட்டேன். இந்த முறை என் கால் நோகவே இல்லை. அக்கா காட்டுக்குள் நாவலடித் தங்குமிடத்துக்கு வருமுன்னே நொண்டத் தொடங்கிவிட்டாள். நான் சுடுமணலில் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல நடந்தேன். கூட வந்தவர்கள், "இந்தச் சாமிய முருகன் தூக்கிக்கொண்டு போறான்" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு போவது முருகன் இல்லை, என் மனிசன்தான் என்று உள்ளுக்குள் நம்பினேன். என் நோவையெல்லாம் அவர் வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்து, வியாழைக்காட்டில் நடந்தபடியே அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் ஒருவர் என் காலைப் பார்த்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் தங்கூசித் துண்டு (மீன்பிடி நைலோன் இழை). வலைக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைக் கண்டதும் சிரிப்பு வந்தது. "கண்ணை மூடுங்க அம்மா. இது பாதத்தில படுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியில் யாரோ வாளியை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"தொடங்குங்க டொக்டர்" என்றேன்.

"முடிஞ்சுது அம்மா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு இடது காலில் தொட்டதை மட்டும் ஓரிரு இடத்தில் உணர்ந்தேன். நரம்புச் சேதம் (நீண்டகாலச் சீனியால் கால் நரம்புகள் உணர்விழப்பது) என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். காட்டில் ஏதோ குத்தியிருக்கிறது. நான் அதன் மேலேயே மிதித்து மிதித்து நடந்திருக்கிறேன். "நோகாததுதான் உங்கட வருத்தம்" என்றார். கிருமி எலும்புக்குப் போய்விட்டது. விரலோடு நிற்கலாம், மேலே ஏறினால் பாதத்தையே எடுக்கவேண்டி வரலாம்.

அன்றைக்குத்தான் நான் திரும்பவும் கைம்பெண் ஆனேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. நான் தனியாகத்தான் நடந்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் மருதமுனை ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் இருந்தார். தறி மிதித்துப் பிழைத்தவர். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் கதையைச் சொன்னேன். "எனக்கும் கால் நோகல்ல புள்ள. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிச் சொல்லித்தான் மிதிச்ச" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு இருவரும் அழுதோம். தாதி வந்து ஏசினாள்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். அது போதுமா என்பது புண் ஆறுவதைப் பார்த்துத்தான் தெரியும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் மருந்து கட்டுவதற்கு முன்னால் டொக்டர் புண்ணைக் குனிந்து பார்ப்பார். நான் புண்ணைப் பார்க்கமாட்டேன், அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புச் சதை வரத் தொடங்கிய நாளில் அவர் விசில் அடித்தார். அக்கா அந்த இடத்திலேயே அரோகரா என்று கத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் பழக்கமெல்லாம் மாறியது. தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கிறேன். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்தபின்தான் காலை வைக்கிறேன். சப்பாத்துக் காலணியைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுகிறேன். என் கால் இப்போது ஒரு வாய் பேசாத பிள்ளை. அதற்கு என்ன நடந்தது என்று நான்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆடிக்கு உகந்தைக்குப் போகட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன்.

"பஸ்ஸில போங்க."

"கொஞ்சத் தூரம் நடக்கட்டா?"

என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சத் தூரம். சப்பாத்து இல்லாம ஓரடியும் வைக்கப்படாது."

ஆடியில் உகந்தைக்குப் பஸ்ஸில் போனோம். சப்பாத்துக் காலோடு கோயிலுக்கு உள்ளே போகவில்லை. வெளியில் நின்று கும்பிட்டேன். வெறுங்காலோடு சனம் காட்டுக்குள் இறங்கியது. என் சப்பாத்தைச் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நானும் அக்காவும் எல்லோருக்கும் பின்னால் நடந்தோம். முந்தியெல்லாம் அடுத்த தங்குமிடத்தை நினைத்தே நடந்தவள் நான். இப்போது அடுத்த அடியை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கிறேன். முள், வேர், சங்கின் உடைந்த துண்டு. முதல் வில்லு வருவதற்கே பகலின் பாதி போய்விட்டது. அந்தப் பாதி எனக்கு ஒரு முழு யாத்திரை போல நீளமாக இருந்தது. அங்கால் போகும் வரிசை மரங்களுக்குள் மறையும்வரை நின்று பார்த்தோம். இனி நான் கதிரமலையை நடந்துபோய்ப் பார்க்கமாட்டேன். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

மர நிழலில் உட்கார்ந்தோம்.

"நோகுதா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நீ பார்த்துச் சொல்லு."

அக்கா என் சப்பாத்தைக் கழற்றினாள். மூத்தவள் தங்கச்சியின் காலைத் தொடுகிறாளே என்று நான் கூசி இழுத்தேன். "சும்மா இரு கா" என்று அதட்டி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விரல் இல்லாத இடத்தையும் விரல்களின் இடுக்கையும் குதிக்காலையும் ஆறுதலாகத் தடவிப் பார்த்தாள். அவள் கை பட்டதை நான் உணரவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டும் இல்ல. எழும்பு, மெல்லமாப் போவம்" என்றாள்.