கொப்புளத்தில் ஒரு நூல்

ஹரித்துவாரிலிருந்து கங்கை நீரைக் காவடியில் சுமந்து நடந்தே வந்த ஒருவர், தில்லி கரோல் பாக்கில் சாலையோரப் பந்தலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். கூட வந்தவர் ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

தைப்பூசத்துக்காகத் தேவகோட்டையிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்கிய சண்டையில், அம்மாவும் பக்கத்து வீட்டு மீனா அத்தையும் பேசிப் பல மாதமாகியிருந்தது. மூன்றாம் நாள் அம்மா நொண்டினாள். பின்னால் வந்த அத்தை ஊசியும் நூலுமாகச் சாலையோரம் உட்கார்ந்து தன் மடியைத் தட்டினாள்.

"காலை இங்க வையி. நூலை மட்டும் உருவிப்புடாத, தண்ணி அதுவா வடியட்டும்."

அதன்பின் பழனி வரை இருவருக்கும் ஒரே ஜமுக்காளம். ஊர் திரும்பிய மறுநாளே சாக்கடைச் சண்டை மறுபடி தொடங்கியது.

"அத்தைதானேம்மா உன் காலுக்கு..." என்று இழுத்தேன்.

"அது நடையில. இது வீட்டுல."

ஆனாலும் ஒவ்வொரு தையிலும் சேர்ந்தேதான் நடந்தார்கள். அத்தை இறந்த வருஷத்தோடு அம்மா பழனிக்கு நடப்பதை விட்டுவிட்டாள். முழங்கால் வலி என்றாள். நாங்களும் நம்பினோம்.

பந்தலில் ஊசி பிடித்தவரிடம், "உங்கள் அண்ணனா?" என்று இந்தியில் கேட்டேன்.

"வழியில் மீரட்டில் சேர்ந்துகொண்டோம். பெயர்கூடத் தெரியாது" என்று சிரித்தார்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து பார்த்ததைச் சொன்னேன்.

அம்மா கேட்டாள்: "நூலை உள்ளயே விட்டாங்களாப்பா?"