அழுத தாயின் பால்

மகனே, நீ பிறந்தபோது உன்னோடு ஒரு பெண்பிள்ளையும் பிறந்தாள். உனக்குப் பின்னால் பிறந்த தங்கச்சிக்கு இது புரிகிற வயதில்லை. பின்னால் அவளும் படிக்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த மட்டில் எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மாதம் நிறையுமுன்பே பிறந்தீர்கள். இரண்டு பேரையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அவள் உன்னைவிடச் சின்னவள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

அவளை அடக்கம் செய்த பிறகு உன் அம்மாவை ராஜபாளையத்துக்கு, நம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆபரேஷன் புண் ஆறவில்லை, தினமும் பஸ்ஸில் போய்வந்து அலையக் கூடாது என்றார்கள். எடை ஏற வேண்டும் என்று உன்னை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா, உன் பெரியம்மா, வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தார்.

பவுடர் பால் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பிப் போனது. தாய்ப்பால் இருந்தால்தான் நீ தேறுவாய் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அம்மா பாலைப் பீய்ச்சித் தர வேண்டும். நான் ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மில்லுக்குத் திரும்ப வேண்டும். முதலில் கால் பாட்டில் வந்தது. பிறகு அடி நனைகிற அளவு. கடைசியில் ஒருநாள் வெறும் பாட்டிலோடு போய் நின்றேன்.

நர்ஸம்மா திட்டவில்லை. "சாயங்காலம் வீடியோ கால் போடுதேன். வீட்ல இருங்கண்ணே" என்றார்.

சொன்னபடி போட்டார். எப்படிப் பீய்ச்ச வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டித் தருவதற்காக. போனைப் பிடித்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணே, எனக்குச் சுவருதான் தெரியுது. சுவரா பால் குடுக்கப் போகுது?"

அம்மா சிரித்துவிட்டாள். துக்கத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். நான் போனை நேராகப் பிடித்தேன். அவள் சேலையை விலக்கியதும் நர்ஸம்மாவின் குரல் மாறியது.

"ஏம்மா, என்னது அது? பூவா?"

மார்போடு மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்ற எங்கள் பக்கம் அப்படிக் கட்டுவார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வற்றுவதற்கு இங்கே என்ன வந்தது? நீதான் இருக்கிறாயே!

"நாந்தாம்மா கட்டுனேன்" என்றார் பெரியம்மா. "இவ ராத்திரி பகலா அழுதா. அழுத பாலு அந்த ஒத்த உசுருக்கு ஆகுமா? ஒண்ணு போச்சு. இதையாவது காப்பாத்தணும்லா."

கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் கட்டியிருக்கிறார்.

"எக்கா, கண்ணீர்தான் உப்பு. பாலு உப்பாகாது" என்றார் நர்ஸம்மா. "எம்புட்டு அழுதாலும் அது நல்ல பாலுதான். முதல்ல அதை அவுத்துப் போடுங்க."

பெரியம்மா அசையாமல் நின்றார். அம்மாவே முடிச்சை அவிழ்த்தாள். பூ கசங்கிப் பழுத்துப் போயிருந்தது.

"இப்ப இங்க பாரும்மா" என்று நர்ஸம்மா தன் போனை உன் பக்கம் திருப்பினார். மூக்கில் குழாயோடு நீ கிடந்தாய். சிணுங்கினாய், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சற்று நேரத்தில் மெதுவாகச் சொன்னாள்: "வருது."

பெரியம்மா ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார்.

அதன் பிறகு தினமும் பெரியம்மா போனுக்கு வீடியோ கால் வந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா பீய்ச்சுவாள். அழுதுகொண்டேதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டில் ஏறியது. ஒருநாள் வார்டு வாசலில் நர்ஸம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்க பயலுக்கு இம்புட்டு வேண்டாம்ணே. ரெண்டு பிள்ளைக்குக் காணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாட்டிலோடு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து பெரியம்மா போனுக்கு அடித்தேன். அம்மா எடுத்தாள்.

"பால் மிச்சமாம்" என்றேன்.

"ரெண்டு பேருக்குல்லா சொரக்குது" என்றாள். "ஒண்ணு போனது அதுக்கு எப்படித் தெரியும்?"

நீ எடை கூடியிருந்தாய். அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். பிறகு அதையும் சொன்னேன்.